ஆத்துல போட்டாலும் அளந்து போடு: கம்ப்யூட்டர்ல ஓடுற ஆறு பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல, ஒரு அணை எத்தனை வருஷத்துல தூர்ந்து போகும்னு கம்ப்யூட்டர்லயே கணக்கு போட்டு பாக்கலாம்னு போற போக்குல ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டேன்.

கேள்வி: சார், நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். கம்ப்யூட்டருக்குள்ள ஆறு ஓடுது, மண்ண அரிக்குதுன்னு சொல்றீங்க, அது நிஜமா எப்படி? வீடியோ கேம்ல தண்ணி ஓடுற மாதிரியா?

கேம்ல தண்ணி பாக்க அழகா இருந்தா போதும் தம்பி, இங்க கணக்கு தேறணும். அதான் வித்தியாசம்.

நிலத்த சதுரம் சதுரமா கட்டம் போட்டுக்கோங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில எண்ணு, தரை எவ்ளோ உயரம், மேல தண்ணி எவ்ளோ ஆழம், அடியில எந்த சைஸ் மண்ணு எவ்ளோ கிடக்கு, அவ்ளோதான். அப்புறம் மூணு வேலை. ஒண்ணு, தண்ணிய பக்கத்து கட்டத்துக்கு நகத்தணும். ரெண்டு, அந்த தண்ணி வேகத்துக்கு எவ்ளோ மண்ணு கிளம்பும்னு ஒரு ஃபார்முலால போட்டு பாக்கணும். மூணு, வந்த மண்ணு போன மண்ணு கணக்கு பாத்து தரை உயரத்த மாத்தணும். தரை மாறினதும் தண்ணி போற வழி மாறும், வழி மாறினா அரிக்கிற இடம் மாறும், மறுபடி முதல்ல இருந்து. இப்படி லட்சக்கணக்கான தடவ சுத்தினா மடு விழுறது, திட்டு வளர்றது, ஆறு வளையுறது எல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தானா வரும், முதல் தடவ பாக்கறப்ப கொஞ்சம் புல்லரிக்கும், பொய் சொல்லல.

அந்த மூணாவது வேலைக்கு எக்ஸ்னர் சமன்பாடுன்னு பேரு. ஃபெலிக்ஸ் எக்ஸ்னர்னு ஆஸ்திரியாக்காரர், தொழில் வானிலை ஆராய்ச்சி, 1920கள்ல எழுதினது. பேருதான் பெருசு, விஷயம் நம்ம பழமொழிதான், ஆத்துல போட்டாலும் அளந்து போடு. ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர்னு வைங்க. ஒரு மணி நேரத்துல மேல் பக்கத்துல இருந்து 2 கன மீட்டர் மணல் உள்ள வருது, கீழ் பக்கமா 1.4 கன மீட்டர்தான் வெளிய போகுது, மிச்சம் 0.6 அங்கயே நின்னுடுச்சு. ஆனா மணல் படியறப்ப துகளுக்கும் துகளுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும்ல, கிட்டத்தட்ட 40 சதவீதம் வெறும் சந்துதான், அதனால 0.6 கன மீட்டர் மணல் 1 கன மீட்டர் இடத்த அடைச்சுக்கும். அத 100 சதுர மீட்டர்ல பரப்பினா தரை 1 சென்டிமீட்டர் உயரும். இந்த இடைவெளிய மறந்துட்டு கணக்கு போட்டவங்க ரிப்போர்ட் நான் பாத்திருக்கேன், அணைல படிஞ்ச மண்ணு நிஜத்த விட ரொம்ப கம்மியா காட்டும், எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும், அணைக்கு மட்டும் தெரியாது.

கேள்வி: நான் ரிட்டயர்டு பிசிக்ஸ் வாத்தியார். வரவு செலவு சரி, புரியுது. ஆனா எந்த கல்லு எப்ப கிளம்பும்னு கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது? அதுலதான சூட்சுமம்?

ஐயா, நேரா அடிமடிலயே கை வச்சிட்டீங்க. இந்த துறையோட தலைவலி மொத்தமும் அந்த ஒரு கேள்விலதான் இருக்கு.

தண்ணி படுகைய எவ்ளோ இழுக்குதுன்னு கண்டுபிடிக்கிறது ஈஸி. ஆழத்தையும் வாட்டத்தையும் பெருக்கி, அதோட தண்ணி எடைய பெருக்கணும். ஆழம் 1 மீட்டர், வாட்டம் 1000க்கு 1னு வைங்க, இழுவிசை 9.81 பாஸ்கல் வரும், அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் படுகையையும் ஒரு கிலோ எடை அளவு விசையால தண்ணி முன்னாடி இழுக்குது. கேக்க கம்மியா இருக்குல்ல? அது போதும், ஒரு 13 மில்லிமீட்டர் கூழாங்கல்ல அசைக்க.

அந்த 13 எங்க இருந்து வந்துச்சுன்னா, ஷீல்ட்ஸ்னு ஒரு அமெரிக்கர் பெர்லின்ல டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணி 1936ல குடுத்த எல்லைக்கோடு. இழுவிசைய கல்லோட தண்ணிக்குள்ள இருக்கிற எடையால வகுத்தா ஒரு எண்ணு வரும், அது சுமார் 0.045ஐ தாண்டினா கல்லு நகரும். ஆனா இது ஒரு கோடே இல்ல ஐயா, ஒரு பட்டை. தண்ணி ஒரே சீரா இழுக்காது, சுழிச்சு சுழிச்சு அடிக்கும், அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்ங்கிற கதைதான், கோட்டுக்கு கீழ இருக்கப்பவும் நாலு கல்லு கிளம்பி உருளும். பெரிய கல்லு பின்னாடி ஒளிஞ்சிருக்கிற சின்ன கல்லு நகராது, மேல துருத்திட்டு நிக்கிற கல்லு சீக்கிரம் போயிடும்.

சரி, கிளம்பிடுச்சு, எவ்ளோ போகும்? சூரிச்ல மேயர்-பீட்டரும் முல்லரும் 1948ல வெளியிட்ட ஃபார்முலா இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு. அதுல எல்லை 0.047, அந்த எல்லைய தாண்டின மிச்சத்த ஒன்றரை அடுக்குக்கு ஏத்தணும். இத பேப்பர்ல நீங்களே போட்டு பாருங்க, 10 மில்லிமீட்டர் கல்லு, அதே 1000க்கு 1 வாட்டம். ஆழம் 1 மீட்டர்ல இருந்து 2 மீட்டர் ஆனா கல்லு போறது ரெண்டு மடங்கு ஆகாது, 12 மடங்குக்கு மேல ஆகும். அத விடுங்க, வெள்ளம்னா அப்படித்தான்னு சமாதானம் சொல்லிக்கலாம். ஆழத்த வெறும் 10 சதவீதம் தப்பா போட்டீங்கன்னு வைங்க, 1 மீட்டருக்கு பதிலா 1.1, கல்லு கணக்கு 1.7 மடங்கு ஆயிடும். 0.9னு போட்டா நிஜத்துல 40 சதவீதம்தான் வரும். தண்ணி மாடல் போடறவங்க ஆழம் 10 சென்டிமீட்டர் வித்தியாசத்துல வந்துச்சுன்னா கைதட்டிட்டு வீட்டுக்கு போயிடுவாங்க, அதே 10 சென்டிமீட்டர்ல நம்ம பொழப்பு தலைகீழா நிக்கும். அதனாலதான் நான் எப்பவும் சொல்றது, ஆத்து மாடல்ல தண்ணி சொல்றத நம்புங்க, மண்ணு சொல்றத ஒரு கண்ண மூடிக்கிட்டு கேளுங்க.

களிமண்ணுன்னா இதுவும் செல்லாது. சைஸ் சின்னதானா சுலபமா கிளம்பணும்ல, ஆனா களிமண் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதனால மணல கிளப்புற வேகம் படிஞ்சு இறுகின களிமண்ண கிளப்ப பத்தாது. ஸ்வீடன்ல யூல்ஸ்ட்ராம் 1935லயே இத வரைபடமா போட்டு காட்டிட்டார். ஆனா ஒரு தடவ கிளம்பிட்டா களிமண் லேசுல இறங்காது. 0.1 மில்லிமீட்டர் மணல் அசையாத தண்ணில 1 மீட்டர் இறங்க ரெண்டு நிமிஷம் போதும். 0.001 மில்லிமீட்டர் களித்துகள் அதே 1 மீட்டர் இறங்க 13 நாள். கடல் உப்பு பட்டா துகளுங்க கூட்டம் கூட்டமா சேந்து அத விட வேகமா இறங்கும், கழிமுகத்துல சேறு குவியறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஆத்துக்குள்ள மூணு விதமான பொருளு, மூணுக்கும் தனித்தனி விதி, மாடல்ல எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு கிண்ட முடியாது.

கேள்வி: ஐன்ஸ்டீன் பையன் மணல் ஆராய்ச்சி பண்ணாருன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, உருட்டா?

உருட்டு இல்ல, உண்மைதான். மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன், 1936ல சூரிச்ல டாக்டர் பட்டம் வாங்கினதே ஆத்துப் படுகைல கல்லு உருண்டு போறத பத்திதான், அப்புறம் அமெரிக்கால பெர்க்லில பேராசிரியரா இருந்தார். அவர் சொன்னது என்னன்னா, ஒரு கல்லு இப்ப கிளம்புமான்னு அடிச்சு சொல்ல முடியாது, கொஞ்ச தூரம் தாவும், ரொம்ப நேரம் சும்மா கிடக்கும், மறுபடி தாவும், அதனால வாய்ப்பு கணக்காத்தான் பாக்கணும்னு. மேல வாத்தியார் ஐயாவுக்கு சொன்ன பட்டை சமாச்சாரத்துக்கு இதுதான் நேர்மையான வழின்னு எனக்கு தோணும்.

அப்பாவும் சும்மா இல்ல. 1926ல ஆறு ஏன் வளையுதுன்னு ஒரு சின்ன கட்டுரை எழுதினார். டீ கப்ப ஸ்பூனால கலக்கினா இலைத்தூள் ஓரத்துக்கு போகாம நடுவுல வந்து குவியுதுல்ல, அடியில உரசறதால அங்க தண்ணி மெதுவா சுத்துது, அதனால அடித்தண்ணி உள்பக்கமா இழுத்துட்டு வருது. ஆத்து வளைவுலயும் இதேதான், மேல்தண்ணி வெளிக்கரைய போய் முட்டும், அடித்தண்ணி மணல உள்கரைக்கு கொண்டு வந்து போடும். இதுல மாடல்காரங்களுக்கு ஒரு வம்பு இருக்கு, நாம போடற பெரும்பாலான மாடல் ஆழம் முழுக்க ஒரே சராசரி வேகம்னு எடுத்துக்கும், அதுக்கு மேல்தண்ணி அடித்தண்ணி வித்தியாசமே தெரியாது. அதனால இந்த சுழற்சிய தனியா ஒரு திருத்தமா ஒட்ட வைக்கணும். அத ஆன் பண்ண மறந்துட்டா வளைவுல திட்டு சரியா உக்காராது.

கேள்வி: பி.ஹெச்.டி. பண்றேன் சார். மாடல் ஓட விட்டா ஒரு இடத்துல தண்ணி ஏரி மாதிரி தேங்கி நிக்குது, அங்க வண்டல் மலை மாதிரி குவியுது. நிஜத்துல அங்க ஏரியே கிடையாது. வேற ஒரு இடத்துல ஒரு கட்டம் மேடு, அடுத்தது பள்ளம், அடுத்தது மேடுன்னு செஸ் போர்டு மாதிரி வருது. நாலு மாசமா தூக்கம் இல்ல.

முதல்ல தூங்குங்க மா. இது ரெண்டு வேற வேற வியாதி.

அந்த ஏரி இருக்கிற இடத்துல சாட்டிலைட் படம் போட்டு பாருங்க, பந்தயம் கட்டறேன், அங்க ஒரு பாலம் இருக்கும். மேல இருந்து உயரம் அளக்கறப்ப பாலத்தோட மேல்தளமும் தரைன்னே பதிவாயிடும், மாடலுக்கு அது ஆத்த குறுக்க மறிச்ச ஒரு செவுரு, தண்ணி தேங்கத்தானே செய்யும், தேங்கினா வண்டல் படியத்தானே செய்யும், மாடல் ஒழுங்காத்தான் வேலை பாக்குது, பாவம். பாலத்த வெட்டிவிட்டு ஆத்துப் படுகை உயரத்த அங்க குடுங்க. இன்னொண்ணு, 2000 பிப்ரவரில விண்வெளி ஓடத்துல இருந்து 11 நாள்ல எடுத்த அந்த 30 மீட்டர் உலக உயர வரைபடத்த யூஸ் பண்றீங்கன்னா, அடர்ந்த காட்டுல அது தரைய பாக்கல, மர உச்சிய ஒட்டித்தான் பாத்துச்சு, ஆத்துல தண்ணி இருந்தா அடிப்படுகையையும் பாக்கல. 20 மீட்டர் அகலமுள்ள ஆத்த 30 மீட்டர் கட்டத்துல தேடறது, ஓட்டச் சல்லடைல மாவு சலிக்கிற மாதிரி. முடிஞ்சா லேசர் சர்வே, ஆத்துக்குள்ள குறுக்குவெட்டு அளவு, இது ரெண்டும் வாங்குங்க.

செஸ் போர்டுக்கு காரணம் டைம் ஸ்டெப், அதாவது ஒவ்வொரு சுத்து கணக்குக்கும் நாம எடுத்துக்கிற நேரம். கூரான், ஃப்ரீட்ரிக்ஸ், லூவின்னு மூணு கணக்கு மேதைங்க 1928ல போட்ட விதி, ஒரு ஸ்டெப்புல அலை ஒரு கட்டத்துக்கு மேல தாண்டக்கூடாது. 2 மீட்டர் ஆழத்துல அலை வேகம் செகண்டுக்கு 4.4 மீட்டர், தண்ணி வேகம் ஒரு 1.5 சேத்துக்கோங்க, கிட்டத்தட்ட 6. கட்டம் 10 மீட்டர்னா ஒரு ஸ்டெப் 1.7 செகண்டுக்கு மேல போகவே கூடாது, நான் அதுல பாதிதான் வைப்பேன். அது போக, ஒரு ஸ்டெப்புல தரை மாறுறது தண்ணி ஆழத்துல ஒரு சின்ன பங்குக்கு மேல போகாதபடி ஒரு பூட்டு போடுங்க.

என் கதைய சொன்னா நீங்க நிம்மதியா தூங்குவீங்க. ஆரம்பத்துல ஒரு ஆத்து மாடல் போட்டேன், ரெண்டு வருஷ வெள்ளத்த ஓட விட்டும் படுகை ஒரு மில்லிமீட்டர் கூட மாறல. ஆஹா எவ்ளோ ஸ்திரமான ஆறுன்னு கலர் கலரா படம் போட்டு எங்க சீனியர் கிட்ட காட்டினேன், அவர் படத்த பாக்கவே இல்ல, இன்புட் ஃபைல காட்டுன்னாரு. துகள் சைஸ்னு இருந்த இடத்துல 0.5னு போட்டிருந்தேன், நான் நினைச்சது மில்லிமீட்டர், ப்ரோகிராம் எடுத்துக்கிட்டது மீட்டர். ஆறு முழுக்க அரை மீட்டர் பாறைய கொட்டி வச்சிட்டு மணல் ஏன் நகரலன்னு பெருமைப்பட்டிருக்கேன். அன்னைல இருந்து எந்த மாடல்னாலும் முதல்ல மூணு விஷயம் பாப்பேன், சைஸ், யூனிட், மொத்த மண்ணு கணக்கு. ஆரம்பத்துல இருந்த மண்ணும் உள்ள வந்த மண்ணும் சேத்து, வெளிய போனத கழிச்சா, கடைசில இருக்கிறதுக்கு சமமா வரணும். வரலைன்னா மேற்கொண்டு ஒரு படமும் பாக்காதீங்க.

கேள்வி: ஒரு வருஷ ஆத்த ஓட விட எவ்ளோ நேரம் ஆகும்? அப்புறம் மலை உருவாகுறத லட்சம் வருஷத்துக்கு மாடல் பண்றாங்களே, அது எப்படி சாத்தியம்?

மேல சொன்ன 1.7 செகண்ட் ஸ்டெப்ப வச்சு பாருங்க, ஒரு வருஷத்துக்கு ஒண்ணே முக்கால் கோடி ஸ்டெப்புக்கு மேல. 10 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் நிலம்னா 10 லட்சம் கட்டம். ரெண்டையும் பெருக்கி பாத்தா தலை சுத்தும். இன்னும் துல்லியமா வேணும்னு கட்டத்த 5 மீட்டர் ஆக்கினா, கட்டம் நாலு மடங்கு, ஸ்டெப்பு ரெண்டு மடங்கு, மொத்தம் எட்டு மடங்கு வேலை. அதனால மாடல்காரங்க எல்லாருமே ஏதாவது ஒரு திருட்டு வேலை பண்ணுவாங்க, நியாயமான திருட்டுதான்.

ஒண்ணு, தண்ணி கம்மியா இருக்கிற மாசத்த வேகமா தாண்டிடறது, கல்லு நகர்றது பெரும்பாலும் வெள்ளத்துலதான, அங்க மட்டும் பொறுமையா போறது. இன்னொண்ணு, கழிமுகம், கடற்கரை மாடல்ல ரொம்ப சகஜம், ஒவ்வொரு ஸ்டெப்புலயும் தரை மாறின அளவ 10 மடங்கு, சில சமயம் அதுக்கும் மேல பெருக்கி விட்டுடறது, ஒரு மாச அலைய ஓட விட்டா பத்து மாச தரை மாற்றம் கிடைச்ச மாதிரி. தரை மெதுவா மாறுற வரைக்கும் இது செல்லும், பேராசைப்பட்டு 500 மடங்கு போட்டா தரை ஒரு அலைலயே எகிறி குதிக்கும்.

லட்சம் வருஷத்துக்கு வேற விளையாட்டு. அங்க தண்ணிய செகண்டு செகண்டா ஓட விடவே மாட்டாங்க. ஒரு இடத்துக்கு மேல எவ்ளோ பரப்புல இருந்து தண்ணி வந்து சேருது, அங்க வாட்டம் எவ்ளோ, இது ரெண்ட மட்டும் வச்சு பாறை எவ்ளோ அரிக்கும்னு ஒரு விதி. மலைச்சரிவுல மண்ணு மெதுவா ஊர்ந்து இறங்குறதுக்கு, சூடு பரவுற மாதிரி ஒரு விதி. அடியில இருந்து நிலம் உயர்றதுக்கு ஒரு எண்ணு. இந்த மூணே மூணு போதும், கூர் முகடு, பள்ளத்தாக்கு, மரக்கிளை மாதிரி ஓடை எல்லாம் வந்துடும். ஆனா அந்த அரிப்பு விதில ஒரு கெழு, அதாவது பெருக்கிற எண்ணு, உக்காந்திருக்கு பாருங்க, பாறை எவ்ளோ கெட்டி, மழை எவ்ளோ, வெள்ளம் எத்தனை தடவ, நமக்கு என்னென்ன தெரியாதோ அத்தனையும் மூட்டை கட்டி அந்த ஒரு எண்ணுக்குள்ள போட்டாச்சு.

இது ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவோட வட பகுதில ரேஞ்சர்னு ஒரு யுரேனிய சுரங்கம், அத மூடறப்ப போட்ட நிபந்தனை, கழிவு 10,000 வருஷத்துக்கு வெளிய வரக்கூடாது. 10,000 வருஷம் காத்திருந்து பாக்க யாரு இருக்கா? அதனால மூடின மண்மேட்டுல ஓடை எங்க வெட்டும்னு பாக்க சைபீரியா (ஊரு இல்ல, மாடலோட பேரு), சீசர்-லிஸ்ஃப்ளட் மாதிரி நிலவடிவ மாடல்களத்தான் ஓட விட்டாங்க.

கேள்வி: கணக்கு தப்பா போய் நிஜமாவே மாட்டிக்கிட்ட கதை, சரியா வந்த கதை, ரெண்டும் சொல்லுங்களேன்.

மாட்டிக்கிட்ட கதைன்னா சீனால மஞ்சள் ஆத்துல சான்மென்சியா அணைதான், கம்ப்யூட்டர் மாடல் காலத்துக்கு முன்னாடி நடந்தது. உலகத்துலயே அதிக வண்டல் சுமந்த ஆறுங்கள்ல ஒண்ணு அது, ஒரு காலத்துல வருஷத்துக்கு சராசரி 160 கோடி டன். 1960ல தண்ணி தேக்க ஆரம்பிச்சாங்க, மேல மரம் நட்டு மண் அரிப்ப குறைச்சிடுவோம்ங்கிற நம்பிக்கைல. ஹுவாங் வான்லின்னு ஒரு நீரியல் பேராசிரியர் முன்னாடியே இது தூர்ந்துடும்னு எதிர்த்தார், குறைஞ்சது அடியில வண்டல் போக வழியாவது விடுங்கன்னார், கேக்கல. ரெண்டே வருஷத்துல நீர்த்தேக்கம் மட்டும் இல்ல, மேல சேர்ற வெய் ஆத்து முகத்துவாரமே மேடு தட்டிடுச்சு. அப்புறம் அணைய ஓட்டை போட்டு, சுரங்கம் வெட்டி, வண்டல வெளிய விடற மாதிரி திருத்தி கட்ட வேண்டியதா போச்சு. இதுல கவனிக்க வேண்டியது, எக்ஸ்னர் சமன்பாடு அப்பவும் இருந்துச்சு, மேயர்-பீட்டர் ஃபார்முலாவும் இருந்துச்சு, தப்பா போனது உள்ள வர்ற மண்ணு எவ்ளோ குறையும்ங்கிற அனுமானம். இன்னைக்கும் பெரும்பாலான மாடல் செத்து போறது அங்கதான், நடுவுல இருக்கிற கணக்குல இல்ல, வாசல்ல நுழையற எண்ணுல.

இன்னொரு பக்கம் அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல எல்வா ஆறு. அங்க ரெண்டு அணைய 2011ல இருந்து 2014க்குள்ள இடிச்சாங்க, பெருசு 64 மீட்டர் உயரம். பின்னாடி சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கி கிடந்துச்சு, ஒரே நாள்ல திறந்து விட்டா கீழ என்ன ஆகும்னு யோசிங்க. அதனால கொஞ்சம் இடிக்கிறது, நிறுத்துறது, ஆறு வண்டல தானா வெட்டி எடுத்துட்டு போக விடறது, மறுபடி இடிக்கிறதுன்னு போனாங்க, எவ்ளோ வேகமா இடிக்கலாம்னு முடிவு பண்ண கணக்கு மாடலும் லேப்ல சின்னதா கட்டின நிஜ மாடலும் ரெண்டுமே உதவுச்சு. வண்டல் கடலுக்கு போய் முகத்துவாரத்துல புதுசா திட்டும் கரையும் வளந்துச்சு. அதுக்காக எல்லாம் மாடல் சொன்னபடியே நடந்துச்சுன்னு சொல்ல வரல, நடுவுல எதிர்பாத்தத விட வண்டல் அதிகமா வந்து ஆத்துல இருந்து தண்ணி எடுக்கிற இடம் அடைச்சுக்கிட்டு இடிப்ப நிறுத்தி வைக்க வேண்டி வந்துச்சு. எனக்கு அந்த ப்ராஜெக்ட் பிடிக்கறதுக்கு காரணமே அதுதான், மாடல் தப்பினா நிறுத்திக்கலாம்னு முன்னாடியே இடம் விட்டு திட்டம் போட்டிருந்தாங்க.

கேள்வி: ஒரே ஆத்துக்கு ரெண்டு பேர் மாடல் போட்டா ரெண்டு பதில் வருது. ஒருத்தர் இடது கரை அரிக்கும்ங்கிறார், இன்னொருத்தர் வலதுங்கிறார். இதுக்கு ஜோசியமே தேவலாம்ல?

ஜோசியர் தான் தப்பினத அளந்து சொல்ல மாட்டார், அதனால மாடல்தான் தேவலாம். ஆனா உங்க கோபத்துல நியாயம் இருக்கு.

பின்னல் மாதிரி பல கிளையா பிரிஞ்சு சேர்ற ஆறு இருக்குல்ல, அதுக்கு முர்ரே, பாவ்லான்னு ரெண்டு பேரு 1994ல ரொம்ப எளிமையான மாடல் ஒண்ணு வெளியிட்டாங்க. தண்ணி பள்ளத்துக்கு போகும், போற தண்ணிக்கு தக்க மண்ணு போகும், கிட்டத்தட்ட அவ்ளோதான் விதி. அதுலயே பின்னல் ஆறு வந்துடுச்சு, கிளை பிறக்குது, சாகுது, இடம் மாறுது, நிஜ ஆறு மாதிரியே. ஆனா ஆரம்ப தரைல ஒரு கட்டத்துல ஒரு மில்லிமீட்டர் மாத்தினீங்கன்னா, கொஞ்ச நாள் கழிச்சு கிளைங்க வேற வேற இடத்துல இருக்கும். எத்தனை கிளை, எவ்ளோ அகலம், எவ்ளோ அடிக்கடி மாறுது, இது மாறாது. எந்த கிளை எங்க, இது மாறும். ஆகவே உங்க ரெண்டு ஆசாமிங்க கிட்டயும் ஒரே ஒரு ரன்னோட படத்த வாங்காதீங்க, ஐம்பது ரன் ஓட விட சொல்லுங்க, ஒவ்வொண்ணுலயும் ஆரம்ப எண்ண கொஞ்சம் அசைச்சு விட்டு. ஐம்பதுல நாப்பதுல இடது கரை போச்சுன்னா, அது ஒரு பதில். இருபத்தஞ்சு இருபத்தஞ்சுன்னா, அதுவும் ஒரு பதில்தான், எங்களுக்கு தெரியலங்கிற பதில், அத வாங்கிக்கிட்டு ரெண்டு கரையையும் பாத்துக்கணும்.

நான் மாடல்ல கேக்கிற கேள்வியே வேற. இந்த இடத்துல எத்தனை சென்டிமீட்டர் அரிக்கும்னு கேக்க மாட்டேன். தடுப்பு கட்டினா என்ன, கட்டலைன்னா என்ன, ரெண்டையும் ஓட விட்டு வித்தியாசத்த பாப்பேன். ரெண்டுலயும் ஒரே தப்பு இருக்கிறதால கழிக்கிறப்ப பாதி தப்பு அடிபட்டு போகும்.

இன்னொரு விஷயம், மாடல் அளவோட பொருந்துச்சுன்னு படம் காட்டினா உடனே தலையாட்டாதீங்க. படுகையோட சொரசொரப்பு எண்ணையும் துகள் சைஸையும் சேத்து வேற மாதிரி மாத்தி போட்டாலும் அதே பதில் வரலாம். பொருத்திப் பாக்க பயன்படுத்தாத ஒரு வெள்ளத்த எடுத்து, அதுல என்ன வருதுன்னு காட்ட சொல்லுங்க. பேச்சு அங்க தயங்கும்.

கேள்வி: ஏ.ஐ. வந்துடுச்சே, இனிமே இந்த சமன்பாடெல்லாம் எதுக்கு?

மெதுவான மாடல வேகமா நகல் எடுக்க ஏ.ஐ. நல்லா உதவும், மேல சொன்ன ஐம்பது ரன்ன ஐயாயிரம் ஆக்கலாம். ஆனா சும்மா விட்டா மண்ணு கணக்கு தேறாது, எங்கயோ ரெண்டு லாரி மணல் காத்துல மறையும், இல்ல முளைக்கும். வரவு செலவ கட்டாயமா உள்ள வச்சு பழக்கினாதான் நான் பக்கத்துல சேப்பேன். அது போக, பெரிய வெள்ளம் அபூர்வமா வர்றது, பழகறதுக்கு டேட்டா எங்க இருக்கு?

கேள்வி: மாடல்ல செடி கொடி எல்லாம் உண்டா?

இப்ப உண்டு, முன்னாடி பெரும்பாலும் இல்ல, அது பெரிய குறை. மினியாபோலிஸ்ல ஒரு ஆய்வுக்கூடத்துல மணல் தொட்டில தண்ணி விட்டா எப்பவும் பின்னல் ஆறுதான் வரும், அதுல ஆல்ஃபால்ஃபா (குதிரை மசால்) விதைய தூவி முளைக்க விட்டு, நடு நடுவுல சின்ன வெள்ளம் விட்டாங்க. வேர் மணல புடிச்சுக்கிச்சு, பல கிளையா இருந்த ஆறு கொஞ்ச கொஞ்சமா ஒரே வாய்க்காலா சேந்துடுச்சு. ஒரு பிடி விதை ஆத்தோட ஜாதகத்தையே மாத்திடுச்சு.

கேள்வி: காசு செலவு இல்லாம இத கத்துக்க எங்க ஆரம்பிக்கலாம்? ப்ரோகிராமிங் கொஞ்சம்தான் தெரியும்.

லேண்ட்லேப்னு பைத்தான்ல ஒண்ணு இலவசமா இருக்கு, மலை, ஓடை விளையாட்டுக்கு அது அருமை. நிஜ ஆத்துக்கு ஹெக்-ராஸ்னு ஒரு சாஃப்ட்வேர், அதுவும் இலவசம், மண்ணு கணக்கும் உள்ள இருக்கு. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறங்க, நிஜமாத்தான் சொல்றேன். ஒரு வரிசைல நாப்பது கட்டம், ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர். எல்லாத்துலயும் தரை உயரம் சுழியம், நடுவுல ஒரு பத்து கட்டத்துல மட்டும் சின்னதா ஒரு மேடு, உச்சி 20 சென்டிமீட்டர். தண்ணி மட்டம் எங்கயும் ஒரே 1 மீட்டர்னு வைங்க, அப்ப மேட்டு மேல ஆழம் கம்மி, அதே தண்ணி போகணும்னா வேகம் ஜாஸ்தி. மண்ணு போறது வேகத்தோட மூணாவது அடுக்குக்கு தக்கன்னு ஒரு எளிய விதி போடுங்க, கூட ஒரு சின்ன கெழு. அடுத்த வரிசைல, மேல் பக்க கட்டத்துல இருந்து வர்றத கூட்டி, கீழ போறத கழிச்சு, 0.6ஆல வகுத்து தரை உயரத்த மாத்துங்க. இந்த வரிசைய கீழ கீழ காப்பி பண்ணி இழுங்க, ஒரு இருநூறு வரிசை.

படம் போட்டு பாத்தா மேடு அப்படியே முன்னாடி நகரும். கொஞ்சம் பொறுங்க, உச்சி அடிவாரத்த விட வேகமா போகறதால மேட்டோட முன்பக்கம் செங்குத்தாகிட்டே வரும், பின்பக்கம் சாய்வா நீளும், ஆத்து மணல்ல நீங்க பாக்கிற அலை அலையான வடிவத்துக்கு அதே முகம். நூறு வருஷத்துக்கு முன்னாடி எக்ஸ்னரும் பேப்பர்ல இதத்தான் பாத்தார். கெழுவ கொஞ்சம் பெருசா வச்சிருந்தா எண்ணு எல்லாம் மேல கீழன்னு ஆட ஆரம்பிக்கலாம், ரொம்ப பெருசுன்னா ஷீட்டே பிழைன்னு காட்டும். ஆடுச்சுன்னா அந்த ஷீட்ட அப்படியே எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல அதையே எடுத்து வச்சு பேசுவோம்.